லீட்டன் ஷயர்: ஊர் ஒருவர் கையில், தண்ணீர் இன்னொருவர் கையில்

ஆஸ்திரேலியாவின் லீட்டன் நகரத்தில் வீடு வைத்திருப்பவருக்குக் குழாய்த் தண்ணீருக்கான பில்லை லீட்டன் ஷயர் கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பு அனுப்புகிறது. நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி நெல் போடும் விவசாயிக்கு வயல் தண்ணீருக்கான பில் மர்ரம்பிட்ஜி இரிகேஷன் என்ற நிறுவனத்திடமிருந்து வருகிறது. நிலத்துக்கான வரியை மட்டும் அவர் கவுன்சிலுக்குக் கட்டுகிறார். வீட்டுக் குழாயில் வருவதும் வயலில் பாய்வதும் ஒரே ஆற்றின் தண்ணீர்தான். ஆனாலும் ஊரை நடத்துவது ஓர் அமைப்பு, வயலுக்கு நீர் கொடுப்பது வேறோர் அமைப்பு. ஆஸ்திரேலியாவின் பாசனப் பகுதிகளில் உள்ளாட்சி எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

லீட்டன் ஷயர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்மேற்கே, ரிவெரினா என்ற பரந்த சமவெளியில் இருக்கிறது. சிட்னியிலிருந்து சாலை வழியாகச் சுமார் 550 கிலோமீட்டர். பரப்பளவு 1,167 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை பதினோராயிரத்துச் சொச்சம். லீட்டன்தான் பெரிய ஊர். யாங்கோ, விட்டன், முர்ராமி ஆகியவை சிற்றூர்கள். விராட்ஜுரி மக்களின் பூர்வீக நிலம் இது. மர்ரம்பிட்ஜி ஆறு தெற்கே ஓடுகிறது. ஆண்டு மழை 400 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அந்த மழையை மட்டும் நம்பினால் கோதுமை போடலாம், ஆடு வளர்க்கலாம். நெல்லும் ஆரஞ்சும் திராட்சையும் விளைகின்றன என்றால் அதற்குக் காரணம் கால்வாய்.

உள்ளாட்சி என்றால் அங்கே என்ன?

ஆஸ்திரேலியாவில் மூன்று அடுக்கு ஆட்சி: மேலே மத்திய அரசு, அடுத்து மாநில அரசுகள், கடைசியில் உள்ளாட்சி. நாடு முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இருக்கின்றன. நியூ சவுத் வேல்ஸில் மட்டும் 128. நகரப் பகுதியில் இருப்பவை பெரும்பாலும் சிட்டி அல்லது வெறுமனே கவுன்சில் என்ற பெயரில் இருக்கும். கிராமப்புறத்தில் உள்ள பலவற்றுக்கு ஷயர் என்று பெயர். சட்டப்படி எல்லாம் ஒரே வகைதான்.

கவனிக்க வேண்டிய ஒன்று: ஆஸ்திரேலிய அரசியலமைப்பில் உள்ளாட்சி பற்றிப் பேச்சே கிடையாது. அதைச் சேர்க்க 1974லும் 1988லும் பொதுவாக்கெடுப்பு நடந்தது. இரண்டிலும் மக்கள் நிராகரித்துவிட்டார்கள். 2013இல் இன்னொரு முயற்சி தொடங்கி, வாக்கெடுப்புக்கே போகாமல் கைவிடப்பட்டது. எனவே கவுன்சில்கள் மாநிலச் சட்டத்தால் உருவானவை. நியூ சவுத் வேல்ஸில் அது 1993ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். மாநில அரசு நினைத்தால் எல்லையை மாற்றலாம், இரண்டு கவுன்சில்களை ஒன்றாக்கலாம். 2016 மே மாதம் அப்படித்தான் லீட்டனுக்குப் பக்கத்தில் ஜெரில்டரி ஷயரும் மர்ரம்பிட்ஜி ஷயரும் இணைக்கப்பட்டு மர்ரம்பிட்ஜி கவுன்சில் ஆயின. லீட்டன் அந்த அலையில் தப்பித் தனியாகவே நிற்கிறது.

லீட்டனில் ஒன்பது கவுன்சிலர்கள். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல். வார்டு பிரிவு இல்லை. மொத்த ஷயரும் சேர்ந்து ஒன்பது பேரையும் தேர்ந்தெடுக்கிறது. வாக்களிப்பது கட்டாயம், போடாவிட்டால் அபராதம். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரை இரண்டு ஆண்டுக்கு அமர்த்துகிறார்கள். அன்றாட நிர்வாகத்தைச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஜெனரல் மேனேஜர் பார்த்துக்கொள்கிறார். கவுன்சிலர்கள் கொள்கை வகுப்பார்கள். ஊழியர்களை வேலை ஏவுவது மேனேஜரின் பொறுப்பு.

பள்ளிக்கூடம், மருத்துவமனை, போலீஸ் இவை மாநில அரசின் கையில் இருக்கின்றன. சாலை, குப்பை, நூலகம், நீச்சல் குளம், பூங்கா, கல்லறைத் தோட்டம், வீடு கட்ட அனுமதி, நாய்ப் பதிவு இவையெல்லாம் கவுன்சில். சிட்னியில் குடிநீரையும் கழிவுநீரையும் மாநில அரசின் தனி நிறுவனம் பார்க்கிறது. லீட்டன் மாதிரி இடங்களில் அதுவும் கவுன்சில் தலையில்தான். பதினோராயிரம் பேருக்கு ஒரு கவுன்சில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களையும் கழிவுநீர் நிலையங்களையும் நடத்துவது லேசான காரியமில்லை.

சாலைதான் இவர்களின் பெரிய தலைவலி. ஷயரில் உள்ள சாலைகளில் கணிசமானவை தார் போடாத சரளைச் சாலைகள். அறுவடைக் காலத்தில் நெல்லும் பருத்தியும் ஏற்றிய கனரக லாரிகள் அவற்றின் மீது இரவும் பகலும் ஓடும். பெரிய நெடுஞ்சாலை மாநிலத்தின் பொறுப்பு. ஆனால் வயலிலிருந்து நெடுஞ்சாலை வரைக்கும் உள்ள அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர் கவுன்சிலுடையது. விளைச்சல் கூடும் ஆண்டில் சாலையும் அதிகம் கெடும்.

பணம் எங்கிருந்து வருகிறது? முதலாவது ரேட்ஸ் என்கிற நிலவரி. நிலத்தின் மதிப்பை மாநில மதிப்பீட்டுத் தலைவர் நிர்ணயிக்கிறார். கட்டடத்தின் மதிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. வீடு, வணிகம், விவசாய நிலம் என்று வகை பிரித்து வேறு வேறு விகிதத்தில் வரி. சரி, பணம் போதவில்லை என்றால் வரியை ஏற்றிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. 1977 முதல் நியூ சவுத் வேல்ஸில் ரேட்ஸ் வருமானம் ஆண்டுக்கு எவ்வளவு கூடலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. இப்போது அதை மாநிலத்தின் விலை நிர்ணய ஆணையம் ஒன்று அறிவிக்கிறது. அதற்கு மேல் வேண்டும் என்றால் காரணம் காட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எனவே மத்திய அரசு 1974–75 முதல் தரும் பொது மானியமும், சாலைக்கென்று வரும் நிதியும் கிராமப்புறக் கவுன்சில்களுக்கு மிக முக்கியம். நகரக் கவுன்சில்களுக்கு வாகன நிறுத்தக் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. லீட்டனுக்கு அவை சொற்பம்.

ஊரும் தண்ணீரும் ஒன்றாக இருந்த காலம்

தண்ணீர்க் கதைக்கு வருவோம். 1899இல் சாமுவேல் மெக்கோய் என்ற பெரும் ஆட்டுப் பண்ணை முதலாளி நார்த் யாங்கோ பண்ணையை வாங்கினார். தன் சொந்தப் பணத்தில் 300 கிலோமீட்டருக்கும் மேல் வாய்க்கால் வெட்டி, மர்ரம்பிட்ஜித் தண்ணீரைப் பாய்ச்சிக் காட்டினார். அந்த வறண்ட சமவெளியில் பாசனம் பலிக்கும் என்பதற்கு அரசு கண்முன்னால் பார்த்த சாட்சி அதுவே. அவருடைய மாளிகை 1922இல் யாங்கோ விவசாய உயர்நிலைப் பள்ளியானது, இன்றும் பள்ளிதான்.

மாநில அரசு 1907இல் மலைப்பகுதியில் பர்ரிஞ்சக் அணையைக் கட்டத் தொடங்கியது. ஆற்றில் கீழே பெரம்பெட் என்ற இடத்தில் தடுப்பணை கட்டி, அங்கிருந்து பிரதான கால்வாயை வெட்டினார்கள். நராண்டிரா, லீட்டன் வழியாகக் கிரிஃபித் பக்கம் போகும் அந்தக் கால்வாயில் நீர் பம்பு இல்லாமல் நிலச் சரிவிலேயே ஓடுகிறது. 1912 ஜூலையில் முதல் தண்ணீர் வந்தது. பர்ரிஞ்சக் முழுதாகக் கட்டி முடிந்தது 1920களின் இறுதியில்தான். நடுவில் முதல் உலகப் போர் வந்து வேலையைத் தாமதப்படுத்தியது.

தண்ணீரோடு ஊரையும் அரசே கட்டியது. கான்பெரா தலைநகரை வடிவமைத்த வால்டர் பர்லி கிரிஃபினிடமே லீட்டனின் வரைபடமும் ஒப்படைக்கப்பட்டது. 1913இல் ஊர் பிறந்தது. மாநிலப் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த சார்லஸ் லீயின் பெயரே ஊருக்கு. 1914இல் பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலையை அரசே தொடங்கியது. லெட்டோனா என்ற பெயரில் அந்த ஆலை பிற்பாடு விவசாயிகளின் கூட்டுறவாக மாறி, 1994 வரை ஓடியது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குச் சின்னச் சின்னப் பழத்தோட்ட நிலங்களைப் பிரித்துக் கொடுத்ததும் அரசுதான்.

அந்த ஆரம்ப ஆண்டுகளில் நிலம், நீர், தெரு, ஆலை என்று எல்லாவற்றையும் நடத்தியது பாசன ஆணையம். குடியேறியவர் எதற்கு மனுப் போட்டாலும் ஒரே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். 1928இல்தான் ஊர் நிர்வாகத்தைப் பிரித்து ஷயர்களை உருவாக்கினார்கள். லீட்டன் பக்கம் வில்லிம்பாங் ஷயர். கிரிஃபித் பக்கம் வேட் ஷயர். 1946இல் வில்லிம்பாங்குக்கு லீட்டன் ஷயர் என்று பெயர் மாறியது. பாசனம் ஆணையத்திடமே இருந்தது. அப்புறம் 1999இல் மர்ரம்பிட்ஜி இரிகேஷன் என்ற நிறுவனமாகப் பாசன விவசாயிகளுக்கே சொந்தமானது. ஆணையத்தின் பழைய லீட்டன் அலுவலகக் கட்டடத்தில் இப்போது அருங்காட்சியகமும் கலைக்கூடமும் இருக்கின்றன.

யார் யார் கையில் என்ன?

மலையில் அணை மாநில அரசின் வாட்டர் என்.எஸ்.டபிள்யூ நிறுவனத்திடம். 1949 முதல் 1974 வரை கட்டிய ஸ்னோயி மலைத் திட்டம் இன்னொரு பக்கத்து ஆற்று நீரையும் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியது. அந்த நீர் 1968இல் முடிந்த புளோவெரிங் அணை வழியாக மர்ரம்பிட்ஜியில் சேர்கிறது. கால்வாய், மதகு, வாய்க்கால் எல்லாம் விவசாயிகளின் நிறுவனத்திடம். ஆற்றிலிருந்து மொத்தம் எவ்வளவு எடுக்கலாம் என்ற உச்சவரம்பு மத்தியச் சட்டப்படி, மர்ரம்பிட்ஜியும் அடங்கிய மர்ரே–டார்லிங் ஆற்றுப் படுகைக்கான திட்டத்தில். இந்தப் பட்டியலில் கவுன்சிலின் பெயர் எங்கே? குடிநீருக்காக ஒரு சிறிய உரிமம் மட்டும். பிரதான கால்வாய்த் தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்துத்தான் கவுன்சில் ஊருக்குக் கொடுக்கிறது. அதாவது அந்த நிறுவனத்துக்குக் கவுன்சிலும் ஒரு வாடிக்கையாளர். குளிர்காலத்தில் பராமரிப்புக்காகக் கால்வாயை நிறுத்தும்போதுகூட ஊர்க் குழாய் வற்றாமல் இருக்க இரு தரப்பும் பேசி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

விவசாயியின் நீர் உரிமையும் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். உயர் பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு என்று அது இரண்டு வகை. வறட்சி வந்தால் முதலில் ஊர்க் குடிநீர், பிறகு உயர் பாதுகாப்பு உரிமை, மிச்சம் இருந்தால் பொதுப் பாதுகாப்பு உரிமை என்பது வரிசை. பாதாம், ஆரஞ்சு, திராட்சை வைத்திருப்பவர்கள் உயர் பாதுகாப்பை வாங்கி வைப்பார்கள். மரம் ஒரு கோடை காய்ந்தாலும் போச்சு. நெல்காரர்கள் பெரும்பாலும் பொதுப் பாதுகாப்பில். அணையில் உள்ள நீரைப் பார்த்து, ‘உங்கள் உரிமையில் இந்த ஆண்டு இத்தனை விழுக்காடு’ என்று மாநில அரசு அறிவிக்கும். பொதுப் பாதுகாப்புக்கு இது கடும் வறட்சியில் பத்து விழுக்காட்டை ஒட்டி நின்றதுண்டு. நல்ல மழை ஆண்டில் நூறையும் எட்டும்.

இந்த உரிமையை நிலத்திலிருந்து பிரித்து விற்கலாம், வாங்கலாம். ஓராண்டுத் தண்ணீரை மட்டும் விற்கலாம்; நிரந்தரமாகவும் விற்கலாம். விலை ஏறும் ஆண்டில் நெல் போடுவதைவிட, கிடைத்த கொஞ்சத் தண்ணீரைத் தோட்டக்காரருக்கு விற்றுவிடுவதே லாபம் என்று கணக்குப் போடும் விவசாயி புத்திசாலிதான். அவருடைய கணக்கு அவருக்குச் சரியாக வரும். ஆனால் அந்த நெல்லுக்கு நடந்திருக்க வேண்டிய உழவு, விதைப்பு, லாரி ஓட்டம், அரவை எதுவும் ஊரில் நடக்காது. நீர்ச் சந்தையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாம் பகுதியைப் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து.

நெல் வழியாகப் பார்த்தால்

லீட்டனைப் புரிந்துகொள்ள நெல்லைவிட நல்ல வழி இல்லை. 1920களின் தொடக்கத்தில் யாங்கோவில் அரசு சோதனை முறையில் நெல் விதைத்தது. 1924–25இல் லீட்டன் வட்டாரத்தில் வணிக ரீதியான முதல் விளைச்சல். மேல்மண்ணுக்குக் கீழே நீரைக் கசியவிடாத கனத்த களிமண், முகில் குறைந்த நீண்ட கோடை இரண்டும் கை கொடுத்தன. ஆண்டுக்கு ஒரே போகம். அக்டோபர் வாக்கில் விதைப்பு. பல வயல்களில் விமானத்திலிருந்தே முளைகட்டிய விதையைத் தூவுவார்கள். ஜனவரியில் கதிர் உருவாகும் கட்டத்தில் இரவுக் குளிர் தாக்கினால் மணி பிடிக்காது. அதனால் அப்போது வயலில் நீரை ஆழமாக நிறுத்துவார்கள். நீர் குளிரை மட்டுப்படுத்தும். மார்ச் முதல் மே வரை அறுவடை. ஹெக்டேருக்குப் பத்து டன்னை ஒட்டிய விளைச்சல் இங்கே சாதாரணம். உலக அளவில் இது மிக உயர்ந்த இடம். ஆனால் ஒரு ஹெக்டேருக்குப் பன்னிரண்டு மெகாலிட்டர் அளவுக்கு, அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் லிட்டர், தண்ணீர் வேண்டும்.

1950இல் விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து அரிசி ஆலையைத் தொடங்கினார்கள். அதுவே இன்றைய சன்ரைஸ் நிறுவனம். தலைமையகம் லீட்டனில் இருக்கிறது. பதினோராயிரம் பேர் உள்ள ஓர் இடத்துக்கு இது பெரிய விஷயம்.

2000–01இல் ஆஸ்திரேலியா 16 லட்சம் டன்னுக்கும் மேல் நெல் விளைவித்தது. ஏழே ஆண்டு கழித்து, 2008 அறுவடையில், நீண்ட வறட்சியால் அது இருபதாயிரம் டன்னுக்கும் கீழே போனது. பெரும்பாலான வயல்களில் ஒரு நாற்றுக்கூட இல்லை. தெற்கே டெனிலிகுவினில் உள்ள பெரிய ஆலையை 2007 இறுதியில் மூடி, சில ஆண்டுகள் கழித்துத்தான் திறந்தார்கள். ஆலை மூடினால் வேலைக்காரர் குடும்பம் வேறு ஊருக்குப் போகும், பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை குறையும், கடை சாத்தப்படும். கவுன்சிலுக்கோ அதே நீளச் சாலை, அதே நீச்சல் குளம், அதே சுத்திகரிப்பு நிலையம். செலவைப் பங்கிட்டுக்கொள்ள ஆள் குறைவு.

இதனால்தான் படுகைத் திட்டம் இங்கே இவ்வளவு கொதிப்பை உண்டாக்கியது. ஆறு, அதன் சதுப்பு நிலங்கள், கடைசியில் கடல் முகத்துவாரம் எல்லாம் நீரின்றித் தவித்தது உண்மை. அதை மீட்க மத்திய அரசு விவசாயிகளிடமிருந்து நீர் உரிமைகளை விலைக்கு வாங்கத் தொடங்கியது. 2010 அக்டோபரில் திட்டத்தின் முன்வரைவு வந்தபோது பக்கத்து ஊரான கிரிஃபித்தில் மக்கள் அதன் பிரதிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 2012இல் நிறைவேறிய திட்டம், ஆண்டுக்கு 2,750 கிகாலிட்டர் (ஒரு கிகாலிட்டர் நூறு கோடி லிட்டர்) நீரை ஆற்றுக்குத் திருப்பும் இலக்கை வைத்தது. விலைக்கு வாங்குவதற்கு 2015இல் போட்ட உச்சவரம்பை 2023இன் புதிய சட்டம் எடுத்துவிட்டது.

விற்றவர் பணம் பெற்றுக்கொண்டு போகலாம். சிக்கல் மிச்சமிருப்பவருக்கு. ஒரே வாய்க்காலில் இருக்கும் பத்துப் பேரில் நால்வர் நீரை விற்றுவிட்டால், வாய்க்காலின் நீளம் குறையாது. பராமரிப்புச் செலவும் பெரிதாகக் குறையாது. விட்டுப்போகிறவர் நிறுவனத்துக்கு விலகல் கட்டணம் கட்ட வேண்டும் என்ற விதி இருந்தாலும், நாளடைவில் சுமை மீதி ஆறு பேர் மீது ஏறும். நதி உயிரோடு இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் நீரை எங்கே, எந்த வாய்க்காலிலிருந்து வாங்குகிறோம் என்று பார்க்காமல் வாங்கினால் அதன் விலையை ஊர் கட்டுகிறது. கவுன்சிலால் இதைத் தடுக்க முடியாது. பேச மட்டும் முடியும். லீட்டன், கிரிஃபித், நராண்டிரா, ஹே, கரத்தூல் உட்பட இந்த வட்டாரக் கவுன்சில்கள் 2018இல் அமைந்த ரிவெரினா–மர்ரே கூட்டமைப்பின் வழியாகச் சேர்ந்து குரல் கொடுப்பது அதற்காகவே.

பாசனம் என்றாலே இயற்கைக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. லீட்டனை ஒட்டியுள்ள ஃபைவ்பௌ சதுப்பு நிலமும், சற்றுத் தள்ளி உள்ள டக்கர்பில் சதுப்பு நிலமும் 2002 முதல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் பட்டியலில், இருக்கின்றன. ஊரின் சுத்திகரித்த கழிவுநீர் ஃபைவ்பௌவுக்குப் போகிறது. டக்கர்பில்லில் புரோல்கா கொக்குகள் கூடும். அதைவிட ஆச்சரியம், அருகிவரும் குருகு (பிட்டர்ன்) இனம் ஒன்று நெல் வயல்களிலேயே கூடு கட்டி இனம் பெருக்குகிறது. 2012 முதல் நெல் விவசாயிகளும் பறவை ஆர்வலர்களும் இதைச் சேர்ந்தே கணக்கெடுத்து, குஞ்சு பறக்கும் வரை வயலில் நீர் நிற்க என்ன செய்யலாம் என்று பார்த்துவருகிறார்கள். ஆற்றுக்கு ஒரு பக்கம் நீர் குறைந்தது. வயலில் இன்னொரு பக்கம் ஒரு பறவைக்கு இடம் கிடைத்தது. இந்தக் கணக்கை எளிதாகத் தீர்த்துவிட முடியாது.

இப்போது பருத்தியும் வந்துவிட்டது. விட்டன் அருகே 2012இல் பருத்தி அரவை ஆலை திறந்தது. பாதாம், வால்நட் தோட்டங்களும் பெருகுகின்றன. மரப்பயிர் கூடக் கூட, வறட்சியிலும் தண்ணீர் கேட்கும் நிலம் கூடுகிறது. நெல் அப்படியில்லை; தண்ணீர் இல்லாத ஆண்டில் விதைக்காமல் விட்டுவிடலாம்.

ஒரு லீட்டன் கவுன்சிலர் என்ன நிலைமையில் முடிவெடுக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் நாட்காட்டியைப் பார்க்கலாம். கவுன்சிலின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. பட்ஜெட்டை ஜூன் முடிவதற்குள் நிறைவேற்றியாக வேண்டும். பாசனத்தின் நீர் ஆண்டும் அதே ஜூலை 1இல்தான் தொடங்குகிறது. அன்று அறிவிக்கும் பொதுப் பாதுகாப்பு ஒதுக்கீடு பல ஆண்டுகளில் மிகச் சிறிய எண். குளிர்கால மழையும் மலைப் பனியும் அணையை நிரப்ப நிரப்ப அது மெல்ல ஏறும். நெல் விதைப்பதா வேண்டாமா என்று விவசாயி அக்டோபர் வாக்கில்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்குள் எந்தச் சாலைக்குச் சரளை, எந்தச் சிற்றூருக்குப் புதுக் குழாய், ரேட்ஸ் எவ்வளவு என்று கவுன்சில் முடிவு செய்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும்.